உறைந்த ஏரியும் ஓடப்போகிற குதிரையும்

பெப்ரவரி நெருங்கினால் எங்கட குசினியில் எல்லாரும் குதிரை நிபுணர்கள் ஆகிவிடுவார்கள். போர்த்துக்கல்காரர் ஒரு பெயர் சொல்லுவார், இத்தாலிக்காரர் அதுக்கு எதிராக இன்னொரு பெயர் சொல்லுவார். எங்கட பொடியள் என்னிடம் வந்து, "அண்ணை, வாற ஞாயிறு எந்தக் குதிரை வரும்?" என்று கேட்பார்கள். நான் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி முடிக்காமல் வந்தவன் என்பது அவர்களுக்குத் தெரியும். வரலாறு படித்தவனுக்குக் குதிரையும் தெரியும் என்று யார் சொல்லிவைத்தார்களோ!

ஆனால் யோசித்துப் பார்த்தால் அது ஒரு வரலாற்றுக் கேள்விதான். நேற்று நடந்ததை வைத்து நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்ல முடியுமா, எவ்வளவு தூரத்துக்குச் சொல்ல முடியும்? குதிரைப் பந்தயத்தில் உலகம் முழுக்க முந்நூறு வருடமாக மனிசர் இதைத்தான் செய்து பார்க்கினம். அதைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதலாம் என்று இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் நான் இருக்கிற இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கடின் என்பது சுவிஸின் தென்கிழக்கு மூலையில், கிறவுபுண்டன் மாநிலத்தில் இருக்கிற உயரமான பள்ளத்தாக்கு. இங்கேதான் சென்மொறிற்ஸ் இருக்கிறது. பணக்காரரின் குளிர்கால ஊர் என்று உலகத்துக்கே தெரியும். ஆனால் ஒரு காலத்தில் குளிர்காலத்தில் இங்கே ஒருவரும் வருவதில்லை. கோடையில் மருந்துத் தண்ணீர் குடிக்க வருவார்கள், பனி விழ முதல் ஓடிவிடுவார்கள்.

அது எப்படி மாறியது தெரியுமோ? ஒரு பந்தயத்தால்தான். கூல்ம் என்ற ஹோட்டலை நடத்திய யொகான்னஸ் பட்ரூட், 1864 இல் தன்னிடம் தங்கியிருந்த ஆங்கிலேயரிடம் பந்தயம் பிடித்தாராம். "குளிர்காலத்தில் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் பயணச் செலவு என்னுடையது" என்றாராம். வந்தவர்கள் வசந்தம்வரை இருந்துவிட்டுக் கறுத்துப்போய் லண்டன் திரும்பினார்கள் என்று கதை. கதைக்குக் கொஞ்சம் பூச்சுப் பூசியிருப்பார்கள்தான். ஆனால் நானும் நூற்றுக்கணக்கான தமிழரும் இந்தப் பள்ளத்தாக்கில் கோப்பை கழுவி, மரக்கறி வெட்டிப் பிள்ளைகளைப் படிப்பிக்கிறதுக்கு அந்தப் பந்தயமும் ஒரு காரணம்.

ஆங்கிலேயர் போன இடமெல்லாம் குதிரையும் பந்தயமும் கூடப் போகும். கொழும்பிலும் அப்படித்தான், நுவரெலியாவிலும் அப்படித்தான், சென்னை கிண்டியிலும் அப்படித்தான். இங்கே அது ஸ்கியோடு சேர்ந்துகொண்டது. 1906 இல் சென்மொறிற்ஸில் இருந்து பக்கத்துக் கிராமமான சம்ஃபேர் நோக்கிப் பனித்தெருவில் ஒரு ஓட்டம் நடந்தது. குதிரை இழுக்க, பின்னால் ஸ்கியில் ஆள் வழுக்கிக்கொண்டு போகவேண்டும். 13 பேர் ஒரு நிமிட இடைவெளியில் புறப்பட்டார்கள். பிலிப் மார்க் என்பவர் வென்றார். அடுத்த வருடம், 1907 இல், ஓட்டத்தை உறைந்த ஏரிக்குக் கொண்டுவந்தார்கள். இன்றுவரை அது பெப்ரவரி ஞாயிறுகளில் நடக்கிறது. "வைற் ரேர்வ்" என்று பெயர், வெள்ளைப் புல்தரை என்று அர்த்தம்.

கிராமத்தில் இருந்து கிராமத்துக்கு ஓடுவது என்றவுடன் எனக்கு இன்னொரு ஓட்டம் ஞாபகம் வரும். 1752 இல் அயர்லாந்தில் இரண்டு கனவான்கள் பட்டவன்ற் என்ற ஊரின் தேவாலயத்தில் இருந்து டொனரெயில் என்ற ஊரின் தேவாலயம் வரைக்கும் குதிரை ஓட்டினார்கள். ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர். வழியில் மதில், வேலி, வாய்க்கால் எது வந்தாலும் தாண்டவேண்டும். தூரத்தில் தெரிகிற தேவாலயக் கூம்புதான் குறி. அந்தக் கூம்புக்கு ஆங்கிலத்தில் ஸ்டீப்பிள். அதனால்தான் தடை தாண்டும் குதிரை ஓட்டத்துக்கு ஸ்டீப்பிள்சேஸ் என்று பெயர் வந்தது. பிறகு அதையும் வேலி அடைத்த திடலுக்குள் கொண்டுவந்து, செயற்கையாக வேலியும் வாய்க்காலும் வைத்தார்கள்.

ஏன் திடலுக்குள் கொண்டுவந்தார்கள்? பார்க்கிறவனுக்கு முழு ஓட்டமும் தெரியவேண்டும். தெரிந்தால்தான் காசு கட்டுவான். காசு கட்டுகிறவனுக்குத்தான் "எது வெல்லும்" என்ற கேள்வி வரும். ஓட்டம் திடலுக்குள் வந்த நாளில் இருந்து குதிரையைக் கணிப்பது ஒரு தொழிலாகிவிட்டது.

லிவர்பூல் பக்கம் ஏன்ட்ரி என்ற திடலில் நடக்கிற கிராண்ட் நஷனல் இதுக்கு நல்ல உதாரணம். 1839 இல் நடந்த பெரிய ஓட்டத்தைத்தான் பலர் முதலாவது என்று கணக்கெடுப்பார்கள். அதில் வென்ற குதிரையின் பெயர் என்ன தெரியுமோ? லொட்டரி! ஆனால் அது லொட்டரியில் விழுந்த வெற்றி இல்லை. சனம் அதிகம் நம்பிக் காசு கட்டிய குதிரையே அதுதான். அதே ஓட்டத்தில் கப்டன் பெக்கர் என்ற நல்ல சவாரிக்காரர் வாய்க்காலுக்குள் விழுந்தார். அந்தத் தடைக்கு இன்றைக்கும் அவரின் பெயர்தான்.

சரி, கணிக்கிறவர்கள் எதைப் பார்க்கினம்? சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

ஒன்று, கடைசியாக ஓடிய ஓட்டங்கள். எத்தனையாம் இடம், எந்தத் தூரம், யாரோடு ஓடியது. இரண்டு, நிலம். ஈரமா, காய்ந்ததா? சில குதிரைக்குச் சேறு பிடிக்கும், சில குதிரை சேற்றைக் கண்டால் நின்றுவிடும். மூன்று, பாரம். இதுதான் எங்கட ஆக்கள் கவனிக்காதது. பெரிய ஓட்டங்கள் பலவற்றில் நல்ல குதிரைக்குக் கூடுதல் பாரம் ஏற்றி, நலிந்த குதிரைக்குக் குறைத்துத்தான் ஓடவிடுவார்கள். எல்லாக் குதிரையும் கோட்டுக்கு ஒன்றாக வரவேண்டும் என்பது நோக்கம்.

1973 கிராண்ட் நஷனல் இதைப் படம் போட்டுக் காட்டியது. கிறிஸ்ப் என்ற குதிரை 76 கிலோ சுமந்து மற்றதையெல்லாம் எங்கேயோ விட்டுவிட்டு முன்னால் போனது. றெட் றம் என்ற குதிரைக்கு அதைவிடப் பத்துக் கிலோவுக்கு மேல் குறைவு. கடைசித் தடையையும் தாண்டின பிறகு கிறிஸ்பின் கால் தள்ளாடத் தொடங்கியது. கோட்டுக்குக் கிட்ட வந்து றெட் றம் பிடித்துவிட்டது, முக்கால் குதிரை நீளம்தான் வித்தியாசம். றெட் றம் பிறகு 1974 இலும் 1977 இலும் வென்று சரித்திரம் ஆனது. ஆனால் 1973 இல் சிறந்த குதிரை எது என்று கேட்டால் கனபேர் கிறிஸ்ப் என்றுதான் சொல்லுவினம்.

பந்தயத்தில் வென்றவனுக்குப் பாரம் ஏற்றுகிறார்கள். வாழ்க்கையில் தோற்று வந்தவனுக்குத்தான் ஏற்றுகிறார்கள். அகதி விண்ணப்பம் எழுதின எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

நாலாவது, குதிரையைக் கண்ணால் பார்ப்பது. ஓட முதல் ஒரு வட்டத்தில் நடத்திக் காட்டுவார்கள். மயிர் மினுங்குதா, வியர்த்து நுரை தள்ளுதா, காது எப்படி நிற்குது, நடை இலகுவா என்று பார்ப்பார்கள். இது எங்களுக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மாட்டுவண்டிச் சவாரிக்கு முதல் பெரிசுகள் செய்கிற வேலையே இதுதான். சோடி பொருந்துதா, நாம்பன் சாட்டைக்கு முதலே பாயுதா, சுழி எங்கே கிடக்கு என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். குதிரைக்கும் சுழி பார்க்கிற சாஸ்திரம் எங்களிடம் இருந்தது. பாண்டியர் காலத்தில் அரபு நாட்டில் இருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்தது. காசு கொடுக்கிறவன் பார்த்துத்தானே வாங்குவான்.

ஆனால் பார்த்து வாங்குவதன் எல்லையைச் சொன்னதும் எங்கட ஆக்கள்தான். நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் தெரியாத சைவர் இருக்க ஏலாது. வாதவூரர் குதிரை வாங்கக் கொண்டுபோன பொன்னைக் கோயிலுக்குச் செலவழித்துவிட்டார். சிவன் நரிகளைக் குதிரைகளாக்கி, தானே சேவகனாக வந்து பாண்டியன் முன்னால் நடத்திக் காட்டினார். மன்னன் பார்த்து மகிழ்ந்து ஏற்றுக்கொண்டான். இராத்திரி அவ்வளவும் திரும்பவும் நரியாகி, லாயத்தில் நின்ற பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. இதைப் பக்திக் கதையாகத்தான் கேட்டு வளர்ந்தோம். பந்தயக்காரனுக்கும் அது பாடம்தான்: முற்றத்தில் நடந்து காட்டுவது ஒன்று, இருட்டியபிறகு நடப்பது வேறு.

இலங்கையில் குதிரை என்றால் கொழும்புக் குதிரைத்திடலைச் சொல்லவேண்டும். 1893 இல் கறுவாத்தோட்டத்தில் திறந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் அதை விமான ஓடுபாதையாக்கினார்கள். 1950களில் அங்கே ஓட்டம் நின்றுபோனது. ஆனால் புக்கி நிற்கவில்லை! எங்கேயோ இங்கிலாந்தில் ஓடுகிற குதிரைக்குக் கொழும்பில் காசு கட்டுகிற கடைகள் தெருவுக்குத் தெரு வந்தன. அங்கே குளிர்காலம் என்றால் தடை தாண்டும் ஓட்டம்தான் கூட. அதனால் வாழ்க்கையில் ஒரு தடவையும் உயிரோடு பந்தயக் குதிரையைக் காணாத மனிசர், இங்கிலாந்தின் சின்னச் சின்னத் திடல்களின் பெயரையும் ஜொக்கிகளின் பெயரையும் மனப்பாடமாகச் சொல்லுவார்கள். கொழும்பில் லொட்ஜில் நின்ற நாட்களில் நான் கண்ட காட்சி இது. ஒரு துண்டுத் தாளில் வட்டம் போட்டுப் போட்டுக் கணக்குப் பார்ப்பார்கள். படிப்பு என்றால் அதுதான் படிப்பு. வீட்டில் அரிசி இருக்குதோ இல்லையோ!

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். குதிரையைக் கணிப்பது திறமையா, சூதாட்டமா? இதுக்கு இந்தியாவின் உச்ச நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டங்கள் கொண்டுவந்தார்கள். சென்னை ரேஸ் கிளப்பை அரசு எடுக்க 1986 இல் ஒரு சட்டமும் வந்தது. வழக்குப் போய் 1996 இல் தீர்ப்பு வந்தது. குதிரையின் பிறப்பு, பயிற்சி, ஜொக்கியின் கெட்டித்தனம் எல்லாவற்றையும் எடைபோட்டுச் செய்கிற காரியம் என்பதால் குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையில் தங்கியது, வெறும் சூது இல்லை என்றது நீதிமன்றம்.

தீர்ப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. திறமை என்பது குதிரைக்கும் ஜொக்கிக்கும் பயிற்சியாளருக்கும் உரியது. கணிக்கிறவனிலும் திறமை இருக்கலாம். ஆனால் ஒரு விசயத்தில் திறமை இருப்பதும், அந்தத் திறமை உன்னிடம் இருப்பதும் ஒன்றில்லை. தவில் ஒரு பெரிய கலை என்பதற்காக நான் தவிலைத் தூக்கிக் கழுத்தில் போட ஏலுமா?

இனி 1928 ஆம் ஆண்டுக்கு வருவம். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த வருடம் அது. அந்த பெப்ரவரியில் சென்மொறிற்ஸில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. ஏரியில் குதிரை இழுக்கும் ஸ்கி ஓட்டத்தைக் கண்காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். முதல் மூன்று இடமும் சுவிஸ்காரருக்கே. இது யாரும் கணித்திருக்கக் கூடியதுதான். தங்கட ஊர், தங்கட பனி, தங்கட விளையாட்டு. ஆனால் இரண்டொரு நாளில் சூடான மலைக்காற்று அடித்து, வெப்பம் 25 பாகை வரைக்கும் ஏறியது. 50 கிலோமீற்றர் ஸ்கி ஓட்டக்காரர் உருகின பனியில் அவதிப்பட்டார்கள். 10,000 மீற்றர் சறுக்கல் ஓட்டத்தைப் பாதியில் கைவிட்டார்கள். ஓடினவர்களின் பழைய நேரங்களை எல்லாம் தாளில் எழுதி வைத்திருந்தவனுக்கு அன்றைக்கு அந்தத் தாளால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அடுத்த மாதம், 1928 மார்ச்சில், ஏன்ட்ரியில் கிராண்ட் நஷனல். 42 குதிரை புறப்பட்டது. நல்ல பெயருள்ள ஒரு குதிரை தடையின் மேலேயே சிக்கி நிற்க, பின்னால் வந்ததெல்லாம் குழம்பிப்போயின. கடைசியில் விழாமல் கோட்டைத் தாண்டியது ஒரே ஒரு குதிரை. ரிப்பறரி ரிம் என்று பெயர், ஒன்றுக்கு நூறு என்று ஒதுக்கி வைத்த குதிரை. இரண்டாவதாக வந்தது கடைசித் தடையில் விழுந்து, திரும்ப ஏறி வந்தது. மூன்றாவது என்று ஒன்றே இல்லை!

1967 இலும் இதே கதை. ஆளில்லாமல் ஓடிய ஒரு குதிரை 23 ஆம் தடைக்கு முன்னால் குறுக்கே திரும்ப, வந்ததெல்லாம் ஒன்றோடொன்று மோதி நின்றன. வெகு பின்னால் வந்த பொயினாவன் மட்டும் இடைவெளி கண்டு தாண்டிப்போய் வென்றது. அதுவும் ஒன்றுக்கு நூறு. சொந்தக்காரரே அன்றைக்குத் திடலுக்கு வரவில்லை. 1956 இல் டெவன் லொக் இதுக்கு எதிர்மாறு. அரச குடும்பத்துக் குதிரை, எல்லாத் தடையும் தாண்டி, வெற்றிக்கு ஐம்பது யார் இருக்கிற இடத்தில் வெறும் தரையில் வயிறு படுக்க விழுந்தது. ஏன் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

கணிக்கிறவர் முட்டாள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. கனதரம் நம்பின குதிரையே வெல்லும். ஆனால் தாளில் இருப்பது குதிரையின் வரலாறு மட்டும்தான். ஆளில்லாமல் ஓடுகிற மற்றக் குதிரையின் வரலாறு அதில் இல்லை. தரையின் வரலாறும் இல்லை.

எங்கட ஏரிக்கு வந்தால் தரைதான் எல்லாம். ஏரி 1,768 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, காற்று மெல்லிசு. தாழ்வான நாட்டில் காற்றாய்ப் பறக்கும் குதிரை இங்கே கடைசி முந்நூறு மீற்றரில் மூச்சு வாங்கும். லாடத்தில் வழுக்காமல் இருக்க ஆணி போடுவார்கள். முன்னால் ஓடுகிற குதிரையின் காலில் இருந்து பனிக்கட்டி பின்னால் வாறவனின் முகத்தில் கல்லெறிபோல விழும். அதனால் முன்னுக்குப் போய் நிற்கக்கூடிய குதிரைக்கு அனுகூலம். முன்னர் இந்தப் பனியில் ஓடிப் பழகின குதிரையை ஒருநாளும் லேசாக எடுக்கக்கூடாது. ஸ்கி ஓட்டத்தில் குதிரையின் முதுகில் ஆளே இல்லை. பின்னால் நீண்ட கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்கியில் நிற்கிற மனிசனின் கையிலும் தொடையிலும்தான் பாதி வெற்றி. ஞாயிறு ஞாயிறாகப் புள்ளி சேர்த்து, கூட எடுத்தவருக்கு "எங்கடினின் அரசன்" என்று பட்டம். வலேரியா ஹோலிங்கர் என்ற பெண் ஆண்களை முந்தி அரசியாகவும் ஆகியிருக்கிறார்.

தடை தாண்டும் ஓட்டத்தில் ஆபத்து கண்ணுக்குத் தெரியும். வேலி நிற்கிறது, வாய்க்கால் கிடக்கிறது. ஏரியில் ஆபத்து வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு கிடக்கும். 2017 பெப்ரவரி 26 அன்று அதுதான் நடந்தது. பனிக்கட்டியில் இருந்த வெடிப்பால் தண்ணீர் மேலே வந்து, பனிக்குக் கீழே ஓடுபாதை பலமிழந்திருந்தது. ஓட்டத்தின் நடுவில் குதிரைகள் விழுந்தன. பூமராங் பொப் என்ற குதிரை இறந்தது. அதில் ஓடிய ஜோர்ஜ் பேக்கர் என்ற ஆங்கில ஜொக்கிக்குத் தலையில் கடுமையான காயம். அன்றைய மிச்ச ஓட்டங்களைக் கைவிட்டார்கள். அன்றைக்கு எந்தக் குதிரை வெல்லும் என்று ஆராய்ந்த ஒரு தாளிலும் அந்த வெடிப்பு இருந்திருக்காது.

இந்த மலைகளில் பனிக்காலம் குறுகிக்கொண்டு வருகிறது என்று இங்கத்தைய கிழவர்களும் சொல்லுகினம், அளக்கிறவர்களும் சொல்லுகினம். இனிவரும் வருடங்களில் முதலில் கணிக்கவேண்டிய போட்டியாளர் குதிரை இல்லை, ஏரிதான்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. என்னோடு வேலை செய்த ஒரு தம்பி, பெயர் வேண்டாம், தங்கச்சியின் கல்யாணத்துக்கு என்று கட்டின சீட்டை எடுத்து, கைத்தொலைபேசியில் குதிரைக்குக் கட்டினவன். ஏரிக்கரையில் ஐந்து பிராங், பத்துப் பிராங் கட்டித்தான் தொடங்கினான். இரண்டுதரம் வென்றான். அதுதான் அவனுக்கு வந்த கேடு. பிறகு இங்கிலாந்து, பிரான்ஸ் என்று ஒவ்வொரு இரவும் வேலை முடிய ஓட்டம் பார்த்தான். அவனுக்குக் குதிரை தெரியாது என்று சொல்லமாட்டேன். என்னைவிட நன்றாகத் தெரியும். பாரம், நிலம், ஜொக்கி எல்லாம் விரல்நுனியில். ஊரில் தங்கச்சியின் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது. 2019 இல் இருந்து சுவிஸில் புதுச் சட்டம் வந்து, அனுமதி இல்லாத வெளிநாட்டுச் சூதாட்டத் தளங்களை மறிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் மனதுக்குள் ஓடுகிற குதிரையை எந்தச் சட்டம் மறிக்கும்?

எங்கட ஆக்களுக்கு இந்த வருத்தம் ஏன் இலகுவாகத் தொற்றுகிறது என்று நான் யோசிப்பதுண்டு. நாங்கள் எல்லாரும் ஒருதரம் உயிரையே பந்தயம் வைத்து வந்தவர்கள். ஏஜென்சிக்குக் காணி விற்றுக் கட்டின காசு, தெரியாத எல்லை, தெரியாத காடு. வந்து சேர்ந்தவன் தனக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது என்று நம்பத்தானே செய்வான். வந்து சேராதவர்கள் இன்றைக்குக் குசினியில் நின்று கதை சொல்லுவதில்லை. வென்ற குதிரையை மட்டும் எண்ணிக் கணக்குப் போடுகிறவனுக்குப் பந்தயம் எப்போதும் இலாபமாகத்தான் தெரியும்.

ஆகவே தம்பிமாரே, ஞாயிறு லீவு கிடைத்தால் ஏரிக்குப் போங்கள். மலை, பனி, குதிரையின் மூச்சில் இருந்து எழும்புகிற புகை எல்லாம் பார்க்கவேண்டிய காட்சி. ஓட முதல் வட்டத்தில் நடக்கிற குதிரைகளைப் பாருங்கள். அமைதியாக, காது முன்னுக்கு நிற்க, பனியில் தயங்காமல் கால் வைக்கிறதைத் தெரிவு செய்யுங்கள். போன ஞாயிறு எப்படி ஓடியது, முதுகில் எவ்வளவு பாரம் என்று விசாரியுங்கள். வெயில் ஏறிப் பனி இளகுதா என்றும் காலால் ஒருக்கால் மிதித்துப் பாருங்கள். எது வெல்லும் என்று பக்கத்தில் நிற்கிறவனோடு வாதாடுங்கள், ஒரு தேத்தண்ணிக்குப் பந்தயம் பிடியுங்கள்.

சீட்டுக் காசு சீட்டுக்காரரிடமே இருக்கட்டும்.